மரவண்டிக்குப் போட்ட வட்டம்

போன வாரம் ஊரிகம் ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் நடந்தேன். நடந்தேன் என்றா சொன்னேன்? மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டித் தாண்டிப் போனேன். கோழிக்கழிவு, அழுகிய தக்காளி, குழந்தைகளின் டயப்பர், அதற்கு மேல் பன்றிகள். சீ! ஊர்க் குப்பையெல்லாம் இங்கே கொட்டுகிறார்களே, இது என்ன இடம் என்று ஒருத்தனுக்காவது தெரியுமா?

தங்கச் சுரங்கக் கம்பெனியின் கூட்ஸ் யார்டாக இருந்த இடம் ஐயா அது. பங்காருப்பேட்டையில் பெரிய லைனை விட்டுப் பிரிந்து வரும் வேகன்களை இங்கேதான் கழற்றுவோம். இங்கிருந்து ஒவ்வொரு ஷாஃப்ட்டுக்கும், அதாவது சுரங்கத்துக்குள் இறங்கும் குழிக்கும், ஒரு கிளைத் தண்டவாளம் போகும். நிலக்கரி, சுண்ணாம்பு, சயனைடு டிரம், கீழே பாறைக்கு முட்டுக் கொடுக்க மரம். தங்கம் ஏற்றி அனுப்புகிறேன் என்று பெண் பார்க்கப் போன வீட்டில் அளந்துவிட்டேன். குன்றிமணித் தங்கத்தைக்கூட அந்த வண்டிகளில் நான் பார்த்ததில்லை.

அந்த நாற்றத்துக்கு நடுவே அறுத்த மரத்தின் வாசனை வந்தது. பக்கத்தில் யாரோ கதவு செய்துகொண்டிருந்தார்கள். அவ்வளவுதான், முனுசாமி ஞாபகம் வந்துவிட்டது.

முனுசாமி எங்கள் பாயிண்ட்ஸ்மேன். வேகன்களை அந்தந்தக் கிளைக்குத் திருப்பி அனுப்புகிறவர். பல வருஷம் கீழே சுரங்கத்துக்குள் வேலை செய்து நெஞ்சில் கல்தூசி படிந்தவர். டாக்டர் சொல்லித்தான் மேல்வேலைக்கு வந்தார். இது போனால் மறுபடி கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிக் கீழே இறங்க வேண்டியதுதான்.

அவருக்கு எழுத்து தெரியாது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். குமாஸ்தாவான நான் காகிதத்தைப் பார்த்து வேகனில் சாக்பீஸால் குறி போடுவேன். வட்டம் போட்டால் பாலகாட் ஷாஃப்ட், பெருக்கல் குறி போட்டால் ஊரிகம் ஷாஃப்ட். வேகனை அனுப்பும்போதே அவர் ஈரச்சாக்கால் குறியைத் துடைத்துவிடுவார். அடுத்த நடையில் குழப்பம் வரக் கூடாதல்லவா.

ஒருநாள் காலை ஆறு வேகன்கள் நின்றன. ஐந்து நிலக்கரி, பாலகாட்டுக்கு. ஒன்று மரம், ஊரிகத்துக்கு. துரை மாதிரி ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, இன்ஜினுக்குக் கரி போடும் ஃபயர்மேனிடம் கால்பந்து மேட்ச் பற்றி வாய் கிழியப் பேசியபடி, ஆறுக்கும் வட்டம் போட்டுவிட்டேன். மரம் பாலகாட்டுக்குப் போய்விட்டது. முட்டுக் கொடுக்க மரமில்லாமல் இங்கே ஒரு ஷிஃப்ட் ஆட்கள் இறங்க முடியாமல் நின்றார்கள்.

அதிகாரி எங்கள் இருவரையும் கூப்பிட்டார். முனுசாமி தயங்காமல் சொன்னார்: “வட்டம்தான் சார் இருந்துச்சி. என் கையாலதான் தொடச்சேன்.”

அதிகாரி என் பக்கம் திரும்பினார். நான் பெருக்கல் குறி போட்டதாகச் சொன்னேன். குரல்கூட நடுங்கவில்லை. தூ, நானெல்லாம் ஒரு மனிதன்! துடைத்த வேகனில் எதைப் பார்ப்பது? எழுதப் படிக்கத் தெரிந்தவன் சொன்னது எடுபட்டது. அடுத்த திங்கட்கிழமை முனுசாமி கேஜில் இறங்கினார்.

மூன்று வருஷம் இருமினார், போய்ச் சேர்ந்தார். துக்கம் கேட்க, கம்பெனி வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீடுகளில் அவருடைய வீட்டுக்குப் போனேன். முகத்தில் காறித் துப்புவார்கள் என்று எதிர்பார்த்தேன். துப்பியிருந்தால் நிம்மதியாகத் துடைத்துக்கொண்டு வந்திருப்பேன். அவர் மனைவி முக்காலியை இழுத்துப் போட்டார்.

“உங்க மேல அவருக்குக் கோவமே இல்ல சார். ‘படிச்சவரு பொய் சொல்வாரா, என் கண்ணுதான் கெட்டுப்போச்சி’ன்னு சாவுற வரிக்கும் சொல்லிக்கினே இருந்தாரு. கண்ணாடிகூட வாங்கிப் போட்டுக்கினாரு.”

நான் ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டினேன். அந்த அம்மா கொடுத்த காப்பியையும் குடித்தேன்.

பிறகு சுரங்கத்தை மூடினார்கள். கிளைத் தண்டவாளங்களைப் பெயர்த்து லாரியில் கொண்டுபோனார்கள். முனுசாமி இருந்த லைன் வீட்டுக்குக் கூரை இல்லை. அந்த அம்மா மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டார். அந்த மகன் எங்கே வேலை செய்கிறான் என்று ஊரில் பத்துப் பேருக்காவது தெரியும். இத்தனை வருஷத்தில் ஒருத்தரிடமும் நான் கேட்டதில்லை.