நடுவில் ஒரு பை

ஒரு சாயங்காலம் சிராங்கூன் சாலையில் கீரை வாங்கிக்கொண்டு ஆங் மோ கியோவுக்குப் பஸ் ஏறினேன். பக்கத்து இருக்கையில் என் பை. தமிழ்நாட்டிலிருந்து வந்து கட்டட வேலை செய்கிறவர் ஒருவர் அருகில் நின்றார். காலணியெல்லாம் சிமெண்ட். வலி தாங்காமல் கால் மாற்றி மாற்றி நின்றார். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், பையை எடுக்கவில்லை.

அவர் ஒரு கொட்டாவி விட்டார். எதிரே டை கட்டி உட்கார்ந்திருந்த சீனருக்கும் வந்தது. அடுத்து எனக்கு. வாயைப் பொத்தக்கூட நேரமில்லை. நின்றுகொண்டிருந்தவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"கொட்டாவிக்கு ஒர்க் பெர்மிட் வேணாம்போலக்கா."

எனக்குச் சுருக்கென்றது. மூன்று பேர் உடம்பும் சொல்லிவைத்த மாதிரி ஒன்றையே செய்கிறது. நடுவில் பையை வைத்தது நான்தான். எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"உட்காருங்க தம்பி."

"வேணாம்க்கா, உடுப்பெல்லாம் அழுக்கு."

"என் கீரையிலயும் மண்ணுதான் லா. உட்காருங்க."

உட்கார்ந்தார். கால் வலி தீர நீட்டிக்கொண்டார். அப்புறம், அழுக்கு என் சேலையில் பட்டுவிடக் கூடாதென்று, தோளில் கிடந்த தன் பையைக் கழற்றி எங்கள் நடுவில் வைத்தார்.