அந்தப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய பாடம்

பேர்ணடெற் மன்னார்க்காரி. இருபத்திரண்டு வயதில் கிழக்குப் பேர்லின் வழியாக ஜெர்மனிக்குப் போய் அகதியானவர். முதியோர் இல்லமொன்றின் சமையற்கட்டில் நின்றபடியே மொழியைப் பிடித்து, பிறகு பாலர் பள்ளி ஆசிரியையானார். கணவர் றெமிஜியஸின் தமையன் கூப்பிட, குடும்பமாக ரொறன்ரோ வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. மோர்னிங்சைட்டில் வீடு. சனிக்கிழமைகளில் ஒரு சிறிய ஜெர்மன் பள்ளியில் பதின்வயதுப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார்.

போன மாரிக் குளிரில் 'இனம்' என்ற பாடம் வந்தது. புத்தகத்தில் அது நாஜி ஆட்சியோடு 1933இல் தொடங்கி 1945இல் முடிந்தது. லேயா என்றொரு மாணவி கேட்டாள். அவளுடைய தகப்பன் ஜெர்மன்காரர், தாய் கானாக்காரி.

"அதற்கு முதல் யாருக்கும் இந்த எண்ணம் இருக்கவில்லையா?"

பேர்ணடெற் புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னார். நமீபியாவில் ஜெர்மன் படை பாலைவனத்துக்குள் துரத்திச் சாகவிட்ட மக்களைப் பற்றி. அவர்களின் மண்டையோடுகளை அளந்து பார்க்கவென்று பேர்லினுக்குக் கப்பலேற்றியதைப் பற்றி. இலங்கையிலிருந்து தமிழரையும் சிங்களவரையும் கூட்டிப்போய் மிருகக்காட்சிசாலைகளில் நிறுத்தி, ரிக்கெற் விற்றதைப் பற்றி. இதையெல்லாம் விஞ்ஞானம் என்று எழுதிய பேராசிரியர்களில் சிலர் போர் முடிந்த பிறகும் அதே கதிரைகளில் இருந்ததைப் பற்றி.

தனக்கு நடந்ததையும் சொன்னார். 1991இல் அந்த முதியோர் இல்லத்தில் ஓய்வுபெற்ற டொக்டர் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர், பிறந்தநாளுக்குச் சொக்லேற் தருவார். ஒருநாள் சூப் கொண்டுபோன பேர்ணடெற்றின் முகத்தை நாடியில் பிடித்துத் திருப்பி, நெற்றியிலும் மூக்கிலும் விரல் வைத்துப் பார்த்தார்.

"இந்தியர் என்றால் ஆரியர் என்று நினைத்தேன். நீ இல்லை. கீழ்வகை," என்றார். பிறகு சூப்பில் உப்புக் குறைவு என்றார்.



அடுத்த கிழமை தலைமை ஆசிரியை உர்சுலா அவரை அறைக்குக் கூப்பிட்டார். பெற்றோர் ஒருவர் முறையிட்டிருந்தாராம்.

"பிள்ளைகள் எங்கள் மொழியை நேசிக்க வேண்டும், பேர்ணடெற். அந்தப் பன்னிரண்டு வருடத்தை நாங்கள் மறைக்கவில்லையே. வேண்டுமானால் நமீபியாவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கிழவரின் கதையை மட்டும் விட்டுவிடுங்கள். அவர் ஒரு தனி மனிதர்."

"அவருக்கு அதைப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தார்கள்," என்றார் பேர்ணடெற். "பரீட்சை வைத்துப் புள்ளியும் போட்டார்கள். அவரை எப்படித் தனி மனிதர் என்கிறீர்கள்?"

"நீங்கள் கோபமாக இருக்கிறீர்கள்."

"ஓம், கோபமாகத்தான் இருக்கிறேன்." அதுவரை ஜெர்மனில் பேசியவருக்கு அந்த 'ஓம்' தமிழிலேயே வந்துவிட்டது.

கதையை விட அவர் சம்மதிக்கவில்லை. வகுப்பு வேறொருவருக்குப் போனது.

வீட்டில் றெமிஜியஸ் சாப்பிட்டபடியே சொன்னார்: "உமக்கேன் உந்த வேலை? ஆபிரிக்காக்காரரின்ர பிரச்சினை அது. நாங்கள் என்ன கறுப்பரே?"

பேர்ணடெற் கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டு அவருக்கு எதிரே வந்து நின்றார்.

"ஜெர்மனியில எங்கட அகதி காம்ப் யன்னலுக்குக் கல்லெறிஞ்சவங்கள் அப்பிடிப் பிரிச்சுப் பாத்தே எறிஞ்சவங்கள்? கட்டிலுக்குக் கீழ நீங்களும் பக்கத்து அறைக் கானாப் பெடியனும் ஒண்டாத்தானே கிடந்தனீங்கள். அந்த டொக்டர் சொன்னதைத்தான் நீங்களும் சொல்லுறியள். அவருக்கு நாங்கள் கீழ, உங்களுக்கு லேயா கீழ."

றெமிஜியஸ் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எழும்பிப் போனார்.

பிறகு லேயாவின் தாய் போன் எடுத்தார். மகள் அந்தப் பள்ளிக்கு இனிப் போகமாட்டாளாம், வேறெங்காவது படிப்பிக்கிறீர்களா என்று கேட்டார். இப்போது சனிக்கிழமை காலையில் நான்கு பிள்ளைகள் வீட்டுக்கு வருகிறார்கள். முதல் நாள் றெமிஜியஸ் பேஸ்மென்றிலிருந்து கதிரைகளைத் தூக்கிவந்து போட்டார். அதே பாடம் முடியும்வரை குசினியில் நின்று கேட்டுவிட்டு, பிள்ளைகள் போனபின் மெல்லக் கேட்டார்.

"அந்தக் காட்சிசாலையில நிப்பாட்டின இலங்கைச் சனம் பிறகு ஊருக்குத் திரும்பினவையோ?"

"கனபேருக்கு என்ன நடந்ததெண்டு தெரியாது," என்றார் பேர்ணடெற். "உயரத்தை அளந்து எழுதினவங்களுக்குப் பேரைக் கேட்டு எழுத நேரமில்லையாம்."

உர்சுலா ஈஸ்ரருக்கு வாழ்த்து அனுப்பியிருந்தார். பேர்ணடெற் பதில் போடவில்லை.