சீழில் கிருமி இல்லை

மகன் பால்குடி மறந்து இரண்டு வருடமான பிறகு என் இடது மார்பில் ஒரு கட்டி வந்தது. பால் கட்டியிருக்கும் என்றார்கள். தோல் சிவந்து கல்லாக இறுகி, ஒருநாள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது உடைந்தது. சட்டையெல்லாம் சீழ்.

திருகோணமலை ஆஸ்பத்திரியில் கீறினார்கள். விறைப்பு ஊசி உள்ளே பிடிக்கவில்லை. விரலை விட்டுக் கிண்டியபோது கட்டில் இரும்பைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். வெளியே நின்ற என் கணவர் காதைப் பொத்திக்கொண்டாராம். ஆறும் என்று நினைக்க, பக்கத்தில் இன்னோர் இடம் உடைந்தது. மறுபடியும் கீறினார்கள். கான்சர்தான், மறைக்கிறார்கள் என்று கணவர் முடிவே கட்டிவிட்டார்.

பிறகு வந்த பெண் டொக்டர்தான் சதைத் துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்.

“கான்சர் இல்லை. கிருமியும் இல்லை,” என்றார்.

“அப்ப ஏன் டொக்டர் இப்பிடிச் சீழ் பிடிக்குது?”

“கிருமியோட சண்டை பிடிக்கிற அணுக்கள் எல்லாருக்கும் இருக்கு. உங்களுக்கு அதுகள் பால் குழாயளைச் சுத்தித் திரண்டு, உங்கட சதையையே அடிக்குதுகள். ஏன் எண்டு எங்களுக்கும் சரியாத் தெரியாது. இனி வெட்ட வேண்டாம். அதுகளை அடக்கக் குளிசை தாறன். முகம் ஊதும், கோவமும் வரும். நீங்களா நிப்பாட்டிப்போடாதேங்கோ.”

கோபம் வந்தது. கறிக்கு உப்புக் காணாது என்று கணவர் சொன்னதற்குச் சோற்றுக் கோப்பையைச் சுவரில் அடித்தேன். மகன் மேசைக்கடியில் ஒளிந்துகொண்டான்.

அடுத்த கிளினிக்குக்கு இறக்கக்கண்டியில் பஸ் ஏறினேன். இருக்க இடமில்லை. நிலாவெளி தாண்டியதும் பின்னால் நின்றவனின் முழங்கை என் மார்பில் பட்டது. தள்ளி நின்றேன். அவனும் தள்ளி வந்தான். அடுத்தமுறை கட்டுப் போட்டிருந்த இடத்திலேயே அழுத்தித் தேய்த்தான். உள்ளே ஏதோ கிழிந்தது. கண் இருண்டது. கையிலிருந்த குடைப்பிடியால் அவன் முகத்தில் அடித்தேன். மூக்கில் இரத்தம் கொட்டியது. கொலரைப் பிடித்திழுத்து வாயிலும் அடித்தேன்.

“விடுங்கோ தங்கச்சி, செத்துப்போவான்!” என்று யாரோ என் கையைப் பிடித்தார்.

“நான் ஒண்டும் செய்யேல்லை,” என்று அவன் இரத்தத்தைத் துப்பினான்.

சால்வையை விலக்கினேன். சட்டையில் சீழும் இரத்தமும் ஊறியிருந்தது.

“இதைத்தானே தேடினனீ? பார்!”

கொண்டக்டர் மணியடித்து அவனை வெளியே தள்ளினார். ஒரு பெண் எழுந்து எனக்கு இடம் தந்தாள்.

டொக்டர் புண்ணைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார்.

“குளிசையாலதான் அவ்வளவு கோவம் வந்ததோ டொக்டர்?”

“நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?”

“குளிசை போடாட்டியும் அடிச்சிருப்பன்.”

அவர் பஞ்சை மாற்றினார். “சரி, மூச்சைப் பிடியுங்கோ. இப்ப நோகும்.” நொந்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

குளிசையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். மழைக்காலம் முடியும்போது கடைசிப் புண்ணும் மூடியது. மார்பு ஒரு பக்கம் குழி விழுந்து கறுத்துக் கிடக்கிறது. திரும்பவும் வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். குளிக்கும்போது இரண்டு பக்கமும் அழுத்திப் பார்த்துக்கொள்கிறேன்.