அம்மாவும் நானும் எழுதிய பத்தாம் வகுப்பு

உளுந்துச் செடி பறித்துவிட்டு வரும் கையில் ஒரு பச்சை வாடை இருக்கும். சோப்புப் போட்டாலும் லேசில் போகாது, செடியின் மேலிருக்கும் "சுணை" மயிர் பட்ட முழங்கை வேறு அரித்துக்கொண்டே இருக்கும். பங்குனி வெயிலில் வயலிலிருந்து வந்து, அந்தக் கையோடு அம்மா கணக்குப் புத்தகத்தைப் புரட்டியதில், எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் உளுந்து வாசம் அடிக்கும். அந்த வருஷம் எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு இரண்டு பேர் படித்துக்கொண்டிருந்தோம். ஒருத்தி நான், இன்னொருத்தி என்னைப் பெற்றவள்.

பாபநாசத்துக்குப் பக்கத்தில் வாய்க்கால் ஓரத்துத் தெரு எங்களுடையது. அம்மா பத்தாவது படிக்கும்போதே, பரீட்சை வருவதற்குள் கல்யாணம் முடித்து இங்கே அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து நடவு, களையெடுப்பு, அறுப்பு, உளுந்து என்று வயலே கதி. எங்கள் தெரு பால்வாடி டீச்சர் ஓய்வு பெறப்போகிறார், அந்த இடத்துக்குப் பத்தாவது தேறிய உள்ளூர்ப் பெண்ணைத்தான் எடுப்பார்கள் என்று காதில் விழுந்ததும் அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "வேலை கெடைக்குதோ இல்லியோ, பத்தாவது பாஸுன்னு ஒரு தடவையாச்சும் சொல்லிக்கணும்" என்றாள். டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, "நீ படி, சோறு நான் ஆக்குறேன்" என்று வாக்குக் கொடுத்தார். அவர் ஆக்கியது பல நாள் கஞ்சியா சோறா என்று பிடிபடாமல் சாப்பிட்டோம். பெரியப்பாவுக்கு மட்டும் சிரிப்புத் தாங்கவில்லை. "அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமா?" என்றார். "எனக்கு இன்னும் நாப்பதே ஆவல மாமா" என்று அம்மா உள்ளிருந்தே பதில் சொன்னாள்.

சனி, ஞாயிறுகளில் பாபநாசத்தில் டுடோரியல். அங்கே பாடம் நடத்திய சாருக்கு அம்மாவின் தம்பி வயதிருக்கும், அவர் அவளை "அக்கா" என்றே கூப்பிட்டார். மற்ற நாட்களில் வயல்தான் வகுப்பு. நடவில் பெண்கள் வரிசையாகக் குனிந்து, பின்னால் நகர்ந்தபடியே நாற்றை ஊன்றுவார்கள். கைக்கு வேலை இருக்கும், வாய் சும்மா இருக்கும், அந்த வாய்க்கு அதுவரை ஊர்வம்பே தீனி. அந்தச் சம்பா நடவில் அம்மா ஒளிச்சேர்க்கையை ஒப்பிக்க ஆரம்பித்தாள். முதலில் "கலெக்டரம்மா" என்று கேலி செய்தார்கள். கொஞ்ச நாளில் கூட்டத்துக்குத் தலைவியான அஞ்சலை அத்தையே, "நேத்து இதயத்துக்கு எத்தனை அறைன்னு சொன்ன?" என்று கேட்கத் தொடங்கினார். தை பிறப்பதற்குள் எங்கள் தெருவில் பாதிப் பெண்களுக்கு இதயத்தின் அறைகள் அத்துப்படி.

கணக்குதான் அம்மாவை ஆட்டிவைத்தது. கூட்டல், பெருக்கலில் குறையில்லை. சதுர மீட்டர் என்ற அளவுதான் அவளுக்குக் கண்ணில் நிற்காத ஒன்று. நிலம் என்றால் அவளுக்கு "குழி", நூறு குழி கொண்டது ஒரு "மா", அவ்வளவுதான். டுடோரியலில் ஒரு முறை விடையை மாவில் எழுதி, வகுப்பே சிரித்து, இனி எழுதமாட்டேன் என்று எனக்குச் சத்தியம் செய்திருந்தாள். கணக்குப் பரீட்சை முடிந்து, அவள் தனித்தேர்வு மையம் இருந்த கும்பகோணத்திலிருந்தும் நான் என் பள்ளியிலிருந்தும் வந்து சேர்ந்த சாயங்காலம், வினாத்தாளை விரித்து விடைகளை ஒப்பிட்டோம். ஒரு செவ்வக வயலின் நீள அகலம் கொடுத்துப் பரப்பளவு கேட்டிருந்தார்கள். "என்னம்மா எழுதுன?" என்றேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பெருக்கிப் போட்ட விடை அவ்வளவு பெரிதாக இருந்ததில் பயந்து, அதை அடித்துவிட்டு, "ஏறக்குறைய ஒன்றரை மா" என்று எழுதிவிட்டு வந்திருக்கிறாள். எனக்கு வந்த கோபத்தில் பென்சிலை வீசியெறிந்தேன். அப்பாவோ, "ஒன்றரை மாவா, நம்ம பம்புசெட்டு வயலு அளவு வரும்" என்று மெய்யாகவே யோசித்துக்கொண்டிருந்தார். அம்மா அழுதாள். மற்ற கணக்குகளும் அவளுக்கு அரைகுறைதான், அந்தக் கணக்கை நம்பித்தான் இருந்தாள்.

முடிவு வந்த அன்று அம்மா பம்புசெட்டுத் தண்ணீரில் கோடை நடவில் இருந்தாள். நான் சைக்கிளில் பாபநாசம் போய், கம்ப்யூட்டர் சென்டர் கூட்டத்தில் இடித்து நுழைந்து அவள் நம்பரைக் கொடுத்தேன். எல்லாப் பாடத்திலும் பாஸ். கணக்கில் தேற வேண்டியதற்கு மேல் ஒரே ஒரு மார்க். வந்த வேகத்தில் வரப்பிலேயே சைக்கிளைப் போட்டுவிட்டு, "அம்மா, பாஸு!" என்று கத்தினேன். எங்கள் பக்கம் முதல் நாற்றை ஊன்றும்போதுதான் குலவை போடுவார்கள், பாதி நடவில் போடுகிற வழக்கமில்லை. அன்றைக்கு அஞ்சலை அத்தை நிமிர்ந்து குலவையிட, அத்தனை பேரும் சேர்ந்துகொண்டார்கள். வரப்பில் குடை பிடித்து நின்ற நிலத்துக்காரர் பதறிப்போய், "ஏ புள்ளைவளா, நடவு பாதியில கெடக்கு, எதுக்கு இப்பக் குலவை?" என்றார். "எங்க மல்லிகா பத்தாவது பாஸுங்க!" என்றார் அத்தை. சேற்றுக் கையோடு அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "நீ எவ்வளவுடி?" என்று கேட்டபோதுதான் என் நம்பரைப் பார்க்காமலே ஓடிவந்தது எனக்கு உறைத்தது. அவ்வளவு சந்தோஷமான முட்டாள்தனத்தை அதற்குப் பிறகு நான் செய்ததில்லை. நானும் பாஸ்தான், அதற்கு யாரும் குலவை போடவில்லை.

இன்று நடவை இயந்திரம் பார்த்துக்கொள்கிறது, அந்தக் கூட்டமும் கலைந்துவிட்டது, டுடோரியல் இருந்த மாடியில் செல்போன் கடை வந்துவிட்டது. தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் நான் விடுமுறையில் போனால், அம்மாவைப் பால்வாடியில்தான் பிடிக்க வேண்டும். மறைந்தவற்றில் நான் துளியும் வருந்தாத ஒன்று உண்டு: அம்மாவின் சிறுவயதில், நிலத்துக்காரர்களின் தெருவைக் கடக்கும்போது எங்கள் ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். போன மாதம் நான் அங்கே இருந்தபோது, அன்று குடை பிடித்து நின்ற அதே நிலத்துக்காரர் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "டீச்சர், இவனைச் சேத்துக்கங்க" என்றார். "வாங்கய்யா" என்று எழுந்த அம்மா, எல்லாருக்கும் சொல்வதைத்தான் அவருக்கும் சொன்னாள்.

"புள்ளைங்க தவழுற எடம். செருப்பை வெளியில விட்டுட்டு வாங்க."

அவர் குனிந்து கழற்றினார்.