சிவப்புக் கட்டம் போட்ட சட்டைக்குக் கொள்ளி

குருவிநத்தம் பலராமனுக்கு நெல்லும் கரும்பும் ஒரு கண் என்றால் திருவிழா இன்னொரு கண். வில்லியனூர் தேர், மாசி மகம், தை மாத ஆற்றுத் திருவிழா, எதையும் விட்டதில்லை. சிவப்புக் கட்டம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு குடையோடு மாட்டு வண்டியில் ஏறிவிடுவார். பெண்டாட்டி தனக்கொடி மட்டும் ஏறியதே இல்லை. "வண்டில எடம் இல்லடி. வூட்டுக்கு ஒரு ஆள் வாணாமா?" என்பார். அவ்வளவு பெரிய வண்டியில் அவரும் குடையும்தான் போவார்கள்.

எழுபதுகளில் ஒரு வருஷம் ஐப்பசி பாதி போயும் ஒரு பொட்டு மழையில்லை. நாற்றங்கால் மஞ்சளாகிவிட்டது. இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் நடவு கிடையாது, சோறும் கிடையாது. கொடும்பாவி கட்டுவதென்று ஊர் கூடி முடிவெடுத்தது. வைக்கோல் பொம்மை செய்து, ஊர்ப் பாவத்தையெல்லாம் அதன் தலையில் கட்டி, பெண்கள் ஒப்பாரி வைத்துத் தெருத்தெருவாக இழுத்துப்போய்க் கொளுத்தினால் மழை வருமாம். பொம்மைக்குத் துணி கேட்டு வந்தவர்களிடம் தனக்கொடி அந்தச் சிவப்புச் சட்டையைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

"இன்னாடி இது?" என்று பலராமன் பதறினார்.

"வேலைக்கே போவாத சட்ட அது ஒண்ணுதான் மாமா."

பொம்மை அச்சு அசல் பலராமன். தொப்பைக்கென்று தனியாக வைக்கோல் திணித்திருந்தார்கள். மார்பில் அடித்துக்கொண்டு தனக்கொடிதான் முதலில் ஒப்பாரியை எடுத்தாள்.

"தேருக்குப் போனியே, என்ன இட்டுக்கினு போனியா? கொடைக்கு எடம் வுட்டியே, எனக்கு எடம் வுட்டியா?"

மற்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு "எடம் வுட்டியா" என்று எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள். எல்லார் வீட்டிலும் அதே கதைதானே. பக்கத்தில் நடந்த பலராமனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இத்தனை வருஷம் வாய் திறந்து கேட்காதவள் இப்படி அழுகிறாளே என்று அவரும் தேம்பிவிட்டார். தன் சாவுக்குத் தானே அழுகிற மனுஷன் என்று ஊரே மெச்சியது.

ஆற்றங்கரையில் கொள்ளி போட எவனும் முன்வரவில்லை. பாவம் ஒட்டிக்கொள்ளுமே என்று பயம். நாட்டாமை மாரிமுத்து தீர்ப்புச் சொன்னார்: "சட்ட யாருதோ அவன்தான்பா பங்காளி. பலராமா, நீயே போடு."

பலராமன் கொள்ளிக் கட்டையோடு தன் சட்டையைச் சுற்றி வந்தார். குனிந்தபோது முதுகில் சொத்தென்று ஒரு துளி விழுந்தது. அப்புறம் கொட்டு கொட்டென்று கொட்டியதில் கொள்ளி அணைந்துபோனது.

"வந்த மழைய ஏன்பா கெடுக்கணும்? காஞ்சதும் பாத்துக்கலாம், தூக்கிக்கினு போ" என்றார் மாரிமுத்து.

சொட்டச் சொட்டத் தன்னைத் தோளில் சுமந்து வந்து பலராமன் மாட்டுக் கொட்டகையில் சாத்தினார். நடவு நடந்தது, அறுவடையும் ஆனது. மழை கொடுத்த பொம்மையைக் கொளுத்த யாருக்கும் மனசு வரவில்லை.

வில்லியனூர் தேர் வந்தது. பலராமன் வண்டியைப் பூட்டிவிட்டு, தொண்டையைச் செருமி, "நீயும் ஏறுடி" என்றார். வாய் சும்மா இருந்ததா? பழக்க தோஷத்தில், "வூட்டுக்கு ஆளு?" என்றும் கேட்டுவைத்தது.

தனக்கொடி கொட்டகைக்குப் போய்ப் பொம்மையைத் தூக்கிவந்து வாசற்படியில் உட்காரவைத்தாள். வண்டியில் கிடந்த குடையை எடுத்து அதன் கையில் செருகினாள்.

"நீதான் வூட்டுல இருக்கிறியே மாமா" என்று சொல்லிவிட்டு, குடை கிடந்த இடத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

வில்லியனூர் வரைக்கும் வெயில் மண்டையைப் பிளந்தது. பலராமன் குடையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.