கணுக்காலில் ஒரு பொய்

டென்னிஸ் வட்டாரத்தில் அவளுக்குச் சுண்டெலி என்று பெயர். ஆள் சிறியவள், எந்த மூலையில் பந்தைப் போட்டாலும் ஓடிப்போய் எடுத்துவிடுவாள். பத்தொன்பது வயதில் தொழில்முறை ஆட்டக்காரியானாள். ஊர் ஊராகச் சின்னச் சின்னப் போட்டிகள். பிசியோதெரபி படித்த அக்கா, வேலையை விட்டுவிட்டுக் கூடவே வந்தாள். அப்பாவும் ஒரு போட்டி விடாமல் வருவார்.

அடுத்த வருடம் தோல்விகள் தொடங்கின. தோற்றதைவிடத் தோற்ற விதம்தான் அவளை உறுத்தியது. மணிக்கட்டு வலித்த அன்று, எதிராளி எல்லாப் பந்தையும், மணிக்கட்டைத் திருப்பி அடிக்க வேண்டிய பேக்ஹேண்டுக்கே அனுப்பினாள். தோள் பிடித்துக்கொண்ட அன்று, இன்னொருத்தி பந்தைத் தலைக்கு மேலே தூக்கித் தூக்கிப் போட்டே ஜெயித்தாள். இந்த வலிகளைப் பற்றித் தெரிந்தவள் அக்கா ஒருத்திதான்.

அதற்கப்புறம் அக்கா போனை எடுத்தால் இவள் காது அங்கே போய்விடும். உடைமாற்றும் அறையில் அக்கா யாரைப் பார்த்துச் சிரித்தாலும் இவளுக்குச் சுருக்கென்றது.

ஒரு காலிறுதிக்கு முந்தின நாள், நன்றாக இருந்த இடது கணுக்காலைத் தடவிக்கொண்டே சொன்னாள்: “அக்கா, இங்க சுளுக்கின மாதிரி இருக்கு.”

அக்கா பதறிப்போய், காலுறைக்குள் மறைகிற மாதிரி கட்டுப் போட்டுவிட்டாள்.

மறுநாள் எதிராளி பந்தை வலைக்குப் பக்கத்திலேயே சொட்டுச் சொட்டென்று விழவைத்து அவளை ஓடவிட்டாள். காலில்தான் ஒன்றுமில்லையே; சுண்டெலி எல்லாவற்றையும் எடுத்து ஜெயித்தாள். ஜெயித்த சந்தோஷம் துளியும் இல்லை.

ஓட்டல் அறைக்குள் நுழைந்ததும் கேட்டாள். “யார்கிட்டக்கா சொன்ன?”

“எதை?”

“கால் வலிய. எனக்கு வலியே இல்ல. நீ சொல்றியான்னு பாக்கத்தான் சொன்னேன்.”

அக்காவின் முகம் செத்துவிட்டது. “அப்பாகிட்ட மட்டும்தான் சொன்னேன். அவர்கிட்டகூடச் சொல்லக் கூடாதா?”

பக்கத்து அறைக்குப் போய்க் கேட்டபோது அப்பா மழுப்பவில்லை. “காலைல சாப்பிடற எடத்துல மத்த பொண்ணுங்களோட அம்மா அப்பாகிட்ட சொல்லுவேன். இவ்வளவு வலியோட ஆடுறா பாருங்கன்னு. பெருமையாத்தானேம்மா சொன்னேன்?”

அடுத்த போட்டிக்கு அவரை வர வேண்டாம் என்றாள். அக்காவும் பெட்டியைக் கட்டினாள்.

“அப்பா வாய் நமக்குத் தெரிஞ்சதுதான். நீ என்னை வேவு பாத்தியே, அதத்தான் தாங்க முடியல.”

இவள் எவ்வளவோ கெஞ்சியும் அக்கா நிற்கவில்லை. ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

சுண்டெலி இப்போது முன்னைவிட நன்றாக ஆடுகிறாள். புதிதாக வந்திருக்கும் பிசியோ கைராசிக்காரர், அதிகம் பேசாதவர்.

“எங்கம்மா வலிக்குது?” என்று கேட்கிறார்.

அவள் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்க்கிறாள். “எங்கயும் இல்ல சார்” என்கிறாள், நீட்ட முடியாத முழங்காலை மெல்லத் துண்டால் மூடிக்கொண்டு.