கடலிலிருந்து மூன்றாம் வரிசை

கிளிஃபர்ட் ஆட்டியைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் இரண்டு விஷயங்கள்தான் இருக்கின்றன. எங்கள் கீத்லி ஊரில் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர், எந்த நிறுத்தத்திலும் நேரத்துக்கு முன்பாக வண்டியை எடுத்ததில்லை. இது ஒன்று. மற்றது, போன வருஷம் ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை அவர் செய்த காரியம். அதை நல்லது என்று சொல்லலாமா என்பதில் எனக்கு இன்னும் தெளிவில்லை. பதினான்கு வருஷமாக அடுத்த வீட்டுக்காரன் என்பதால், வேலிக்கு அந்தப் பக்கம் தன் கேரவனைக் கழுவிக்கொண்டே அவர் சொன்னதைக் கேட்டேன். அவர் மனைவி மோரீன் இடையிடையே திருத்தினாள்.

கதை இருபத்திரண்டு வருஷம் முன்னால் தொடங்குகிறது. டெப்போவில் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர் ஸ்டான்லி. கிளிஃபர்ட் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, எப்போதும் 'தலைவா'தான். இரண்டு குடும்பமும் ஒவ்வொரு கோடையிலும் கேரவன்களைக் காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு ஒன்றாகப் போகும். அந்த வருஷம் ஏரிப் பக்கம் போயிருந்தார்கள். நல்ல மழை. நால்வரும் கிளிஃபர்டின் கேரவனுக்கு முன்னால் கட்டிய கூடாரத்தில் உட்கார்ந்திருந்தபோது, சீட்டுக்கட்டை எடுத்துவர கிளிஃபர்ட் ஸ்டான்லியின் கேரவனுக்குப் போனார். கேரவன் கதவு மேலே பாதி, கீழே பாதி என்று இரண்டு துண்டாக இருக்கும். வெளியே வந்தவர் மேல் பாதியைச் சாத்தினார். கீழ்ப் பாதிக்குக் கொக்கி போடவில்லை.

உள்ளே மிட்ஜ் இருந்தது. இடிக்குப் பயப்படும் சின்ன நாய். ஓடிப்போய், மூன்றாம் நாள் சாலையோரத்தில் செத்துக் கிடந்தது.

சீட்டுக்கட்டைக் கிளிஃபர்ட் தன் கேரவனிலிருந்தே எடுத்தார் என்று எண்ணியதால், கடைசியாக அந்தக் கேரவனை விட்டு வந்தது ஸ்டான்லியின் மனைவி எனிட் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஸ்டான்லி மனைவியைப் பார்த்து, "ஒரு கதவைச் சாத்தக்கூட உனக்குத் தெரியாதா?" என்றார். "சாத்தினேனே" என்றாள் எனிட். பிறகு, "சாத்தினேன்னுதான் நினைச்சேன்" என்றாள். கிளிஃபர்ட் கையில் சீட்டுக்கட்டோடு பக்கத்திலேயே நின்றார். 

அதற்குப் பிறகு சேர்ந்து போகவில்லை. கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அட்டை மட்டும் வந்தது, போனது. ஸ்டான்லியும் எனிட்டும் ஃபைலி பக்கம் கடற்கரையில், சக்கரம் கழற்றி நிரந்தரமாக ஊன்றிய கேரவன் ஒன்றை வாங்கிக்கொண்டு குடியேறினார்கள். அந்த ஜூனுக்கு முந்தைய கிறிஸ்துமஸ் அட்டையில் எனிட் இரண்டு வரி கூடுதலாக எழுதியிருந்தாள். 'இந்தப் பக்கம் வந்தால் வாருங்கள். இப்போது நாய் வளர்ப்பதில்லை, எனக்கு அவ்வளவு பொறுப்பு போதாது.'

அந்த இரண்டாம் வரியைப் படித்த பிறகு கிளிஃபர்டுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்போதுதான் மோரீனிடம் முதல்முறையாக விஷயத்தைச் சொன்னார்.

"இருபத்திரண்டு வருஷமா என் பக்கத்துல படுத்துக்கிட்டு இதைச் சொல்லாம இருந்திருக்கே" என்றாள் மோரீன். "குறட்டை மட்டும் குறைவில்லாம விட்டிருக்கே."

ஜூனில் கேரவனை இழுத்துக்கொண்டு ஃபைலிக்குக் கிளம்பினார்கள். போய்ச் சேர்ந்த நாளிலிருந்து மழை. வியாழக்கிழமை மூன்று மணிக்கு ஸ்டான்லியின் கேரவனுக்கு வருவதாகப் பேச்சு. மோரீன் முழங்காலைக் காரணம் காட்டிக் குறுக்கெழுத்தோடு உட்கார்ந்துவிட்டாள்.

"நீயும் வாயேன்."

"எதுக்கு? நீ வாயைத் திறக்காம பிஸ்கட்டைத் தின்னுட்டு எழுந்து வர்றதைப் பாக்கவா? போய்ச் சொல்லிட்டு வா. சொல்லாம வந்தா கதவு திறக்காது. கீழ்ப் பாதியும் சேர்த்துத்தான்."

மூன்றாம் வரிசை, பதினொன்று. எனிட் தொலைபேசியில் சொன்னது அவ்வளவுதான். கேரவன்கள் வரிசை வரிசையாக நிற்கும் அந்த வளாகத்தில் இருப்பவர்கள் வரிசையைக் கடல் பக்கத்திலிருந்து எண்ணுவார்கள். கடலைப் பார்த்த வரிசைதான் முதல் வரிசை. வேறு மாதிரி எண்ணலாம் என்றே அவர்களுக்குத் தோன்றாது. வளாக வாசல் வழியாக வந்த கிளிஃபர்ட் வாசலிலிருந்து எண்ணினார். எல்லாக் கேரவனும் ஒரே வெளிர்ப் பச்சை. மழையில் அந்தப் பச்சையும் போய்ச் சாம்பலாக இருந்தது.

ஆக அவர் தட்டியது ஸ்டான்லியின் கதவை அல்ல. கோர்டன், பெரில் என்ற வேறொரு தம்பதியின் கதவை.

திறந்தவர் வழுக்கைத் தலைக்காரர். காதில் மெஷின்.

"என்ன தலைவா, உயிரோடதான் இருக்கியா?" என்றார் கிளிஃபர்ட்.

"இருக்கற மாதிரிதான் தெரியுது" என்றார் கோர்டன். "உள்ள வாப்பா, இப்படியா நனையறது!"

அந்த இடத்தில் சங்கக் கூட்டம், லாட்டரிக் குலுக்கல் என்று எதையாவது நடத்திக்கொண்டே இருக்கும் தம்பதி அவர்கள். தெரிந்தவர்கள் ஏராளம். வந்தவர் பெரிலுக்குத் தெரிந்தவர் என்று கோர்டன் நினைத்தார். கோர்டனுக்குத் தெரிந்தவர் என்று பெரில் நினைத்தாள். கோட்டை வாங்கி மாட்டினாள், டீக்குக் கெட்டிலைப் போட்டாள். கெட்டில் கொதித்த பிறகு 'நீங்கள் யார்' என்று கேட்பது எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம்.

கிளிஃபர்டின் கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. ஈரக் கைக்குட்டையால் துடைத்ததில் இன்னும் மோசமானது. ஆனாலும் சிலவற்றைக் கவனித்தார். ஸ்டான்லிக்குத் தாடி இருந்ததே? எடுத்திருப்பான். இவ்வளவு குள்ளமா? வயதானால் சுருங்கும். எனிட்டின் குரல் இப்படியா இருக்கும்? ஆளையே மாற்றி வைத்தாலும் வயது என்ற ஒரு வார்த்தையில் அடக்கிவிடலாம் போலிருக்கிறது. நாம் ஒருவரை அடையாளம் காண்கிறோம் என்பதில் பார்வையின் பங்கு எவ்வளவு, முன்பே செய்துகொண்ட முடிவின் பங்கு எவ்வளவு என்று நான் யோசித்ததுண்டு. கிளிஃபர்ட் யோசிக்கவில்லை. சொல்ல வேண்டியதைக் கீத்லியிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். அது நெஞ்சை முட்டிக்கொண்டு நின்றது.

"சக்கரை போடலாமா?" என்றாள் பெரில்.

"மறந்துட்டியா? ரெண்டு" என்றார் கிளிஃபர்ட்.

"அட, மறந்துதான் போச்சு பாரு" என்றாள் பெரில், கணவனை ஒரு பார்வை பார்த்து. கோர்டன் தோளைக் குலுக்கினார்.

மழையைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார்கள். அதில் யாருக்கும் சந்தேகம் எழ வழியில்லை. இஞ்சிக் கேக் வந்தது. கேக்கைத் தொடாமல் கிளிஃபர்ட் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நான் ஒண்ணு சொல்லத்தான் வந்தேன். குறுக்க பேசாதீங்க. விட்டா சொல்லமாட்டேன்." முழங்காலைப் பார்த்தபடியே சொன்னார். "அன்னிக்கு மிட்ஜ் ஓடினது என்னால. சீட்டுக்கட்டு எடுக்கப் போனேன்ல, அப்ப கீழ்க் கதவுக்குக் கொக்கி போடல. எனிட், நீ சாத்தித்தான் இருந்தே. சரியாத்தான் சாத்தியிருந்தே. உன்னைத் திட்டறப்ப நான் பக்கத்துலயே நின்னேன்."

கடைசி வாக்கியத்தில் குரல் உடைந்து, அழுதுவிட்டார். எழுபத்து நான்கு வயது ஆள். தாயார் அடக்கத்தின்போதுகூட அவர் அழவில்லை என்று மோரீன் வேலியோரத்தில் ஒரு திருத்தம் போட்டாள்.

எனிட் என்ற பெயரைக் கேட்டதும் பெரிலுக்கு விளங்கிவிட்டது. எனிட்டை அவளுக்குத் தெரியும். சலவை அறையில் பார்த்துப் பேசுகிறவள். 'நாங்கள் அவர்கள் இல்லை' என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் அழுதுகொண்டிருக்கும் மனிதரிடம், நீங்கள் வேறு வீட்டில் அழுகிறீர்கள் என்று எப்படிச் சொல்வது? கோர்டனுக்குப் பாதி வார்த்தைதான் காதில் விழுந்திருந்தது. ஒரு நாய், ஒரு கதவு, ஒரு குற்றம். தன்னிடம் எதையோ எதிர்பார்க்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. எழுந்து வந்து தோளில் கை வைத்தார்.

"சரி விடுப்பா. எப்பவோ நடந்தது. யாருக்கும் ஒண்ணும் மனசுல இல்ல."

"நெசமாவா தலைவா?"

"நெசமாத்தான்."

அந்த நேரத்தில் உடம்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கியது போலிருந்தது என்று கிளிஃபர்ட் என்னிடம் சொன்னார். அதை நான் நம்புகிறேன். குழப்பமே அங்கேதான் இருக்கிறது.

கிளம்பும்போது பெரில் மிச்சக் கேக்கை அலுமினியத் தாளில் சுற்றிக் கையில் கொடுத்தாள். வாசல்படி வரை வந்து, கடல் பக்கம் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"இவ்வளவு தூரம் வந்துட்டே. அப்படியே ஸ்டான்லியையும் எனிட்டையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போயேன். கடல்லேர்ந்து மூணாவது வரிசை, பதினொண்ணு. நல்ல மாதிரி. முன்ன ஒரு நாய் வெச்சிருந்தாங்கன்னு கேள்வி."

கதவைச் சாத்திக்கொண்டாள். கிளிஃபர்ட் மழையில் நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதலில், தன் புத்தி பேதலித்துவிட்டது என்று பட்டது. பிறகு, அப்படியானால் தன்னை மன்னித்தது யார் என்று பட்டது. மன்னிப்புக் கிடைத்ததா இல்லையா? நெஞ்சு லேசாகத்தானே இருக்கிறது? லேசாக இருப்பதற்கு உரிமை உண்டா? திரும்பிப் போய், சொல்லிவிட்டேன் என்று மோரீனிடம் சொன்னால் அது பொய்யும் ஆகாது. கார் இடப்பக்கம் நின்றது. கடல் வலப்பக்கம். வலப்பக்கம் திரும்பி, கடைசி வரிசை வரை போய், அங்கிருந்து எண்ணத் தொடங்கினார்.

இந்தக் கதவைத் திறந்ததும் தாடி தெரிந்தது. வெள்ளையாகியிருந்தது, அவ்வளவுதான்.

"மூணு மணின்னே. இப்ப நாலே கால்" என்றார் ஸ்டான்லி. "முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினவனா நீ?"

"வழி தப்பிடுச்சு தலைவா."

"கேட்லேர்ந்து இருநூறு கெஜம். அதுல வழி தப்பிடுச்சாம், கேட்டியா எனிட்?"

எனிட் வந்து கன்னத்தில் முத்தமிட்டாள். அவர் கையிலிருந்ததைப் பார்த்தாள். முகர்ந்தாள். "இது பெரிலோட இஞ்சிக் கேக் ஆச்சே?"

மனப்பாடம் செய்து வந்ததெல்லாம் அந்த முதல் கேரவனிலேயே தீர்ந்துபோயிருந்தது. கண்ணீரும் மிச்சமில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல், நிறுத்தத்தின் பெயரை அறிவிக்கிற மாதிரி சொன்னார்.

"மிட்ஜ் ஓடின அன்னிக்குக் கதவைத் திறந்து விட்டது நான்."

"எந்தக் கதவு?" என்றார் ஸ்டான்லி.

எனிட் கேக்கை மேஜை மேல் வைத்து, தாளைப் பிரித்து, மறுபடி சுற்றினாள்.

"மேல சாத்திட்டு, குனிஞ்சு கீழயும் சாத்தினேன்" என்றாள் கணவனிடம். "சொன்னேன்ல? கொக்கி என் விரலைக் கிழிச்சுது. இங்க. அப்பவும் காட்டினேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"கதவைச் சாத்தக்கூடத் தெரியாதான்னு கேட்டே."

"நானா? கிளிஃப், நான் அப்படியா சொன்னேன்?"

"சொன்னே தலைவா."

ஸ்டான்லி உட்கார்ந்தார். யாரும் கெட்டிலைப் போடவில்லை. எங்கள் ஊரில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை. கூரையில் மழை கொட்டியது. யாருக்கு யார் என்ன சொல்ல வேண்டும் என்பது கிளிஃபர்டுக்குத் திடீரென்று குழம்பிவிட்டது. தான் கொண்டுவந்த குற்றம் கைமாறி ஸ்டான்லியின் மடியில் போய் உட்கார்ந்திருப்பது போலத் தெரிந்தது. அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தாராம்.

"பெரில்கிட்டயும் சொன்னியா?" என்று கேட்டாள் எனிட்.

"நீங்கன்னு நினைச்சுச் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"அவங்க வீட்டுக்காரர் பரவாயில்லன்னார்."

"கோர்டனுக்குப் பரவாயில்லதான்" என்றாள் எனிட்.

சொல்லிவிட்டு அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கிளிஃபர்டுக்குப் புரியவில்லை. ஸ்டான்லிக்கும் புரியவில்லை, தெரிந்துகொள்ள அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவள் எழுந்து கத்தியை எடுத்து, கேக்கில் இரண்டே துண்டு வெட்டினாள். ஒன்றைக் கிளிஃபர்டிடம் நீட்டினாள், ஒன்றைத் தான் தின்றாள். கொஞ்ச நேரம் கழித்து ஸ்டான்லி தானே எழுந்து போய்க் கெட்டிலைப் போட்டார்.

ஐந்தரைக்குக் கிளிஃபர்ட் தன் கேரவனுக்குத் திரும்பியபோது மோரீன் கீழ்க் கதவைத் திறக்காமல், மேல் பாதி வழியாகவே விசாரணையைத் தொடங்கினாள்.

"சொன்னியா?"

"ரெண்டு தடவை."

"மன்னிச்சாங்களா?"

"ஒருத்தர் மன்னிச்சார். அவர் வேற ஆள்."

மோரீன் நெற்றியைச் சுருக்கினாள். "எனிட் என்ன சொன்னா?"

"நாளைக்கு உன்னையும் கூட்டிட்டு வரச் சொன்னா. உன் முழங்காலுக்கு ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு அவளுக்குத் தெரியுமாம்."

"ஸ்டான்லி?"

கிளிஃபர்ட் யோசித்தார். தண்ணீர் தொப்பியிலிருந்து மூக்கில் சொட்டியது. "வர்றப்ப கதவை நான்தான் சாத்தினேன். அவன் எழுந்து வந்து மறுபடி திறந்து, மறுபடி சாத்தினான்."

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"தெரியல மோரீன். எனக்கு ஒண்ணுமே தெரியல. உள்ள விடு."

அவள் கொக்கியை எடுத்தாள்.

வெள்ளிக்கிழமையும் மழை விடவில்லை. இருவருமாகப் போனார்கள். மோரீன் கடலிலிருந்து எண்ணினாள். கிளிஃபர்ட் அவளை நிறுத்தி, இன்னொரு முறை எண்ணச் சொன்னார்.